நீர்வேலியில் இளவேனில்: கூடியதும் பயின்றதும்

தமிழ் இலக்கண நூலார் ஆண்டினை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்துச் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றனர். இலக்கியங்களிலே அது மாந்தளிரும் குயிற்குரலும் தென்றலும் கூடிய பருவம். யாழ்ப்பாணக் குடாநாட்டு உழவனுக்கோ இச்சொல் ஏட்டளவில் நின்றதொன்றாகும். அவன் காலத்தைக் காற்றினால் அளந்தான். வடகிழக்கிலிருந்து வருவது வாடை; தென்மேற்கிலிருந்து வருவது சோளகம்; இரண்டுக்கும் இடையே புழுக்கம். அப்புழுக்கத்தின் நடுவே சில நாள் பெய்து மறையும் மழையைச் சித்திரைச் சிறுமாரி என வழங்கினான். எனினும் ஊரவர் ஓரிடத்திற் கூடுவதும், முதியோரிடம் இளையோர் ஒன்றைக் கற்பதும், கற்றதைச் சபையறியக் காட்டுவதும் செறிந்து நிகழ்ந்த காலங்களுள் பங்குனி தொடக்கம் வைகாசி வரையான இம்மாதங்கள் முதன்மையானவை. நீர்வேலிக் கிராமத்தை நடுவாகக் கொண்டு, இக்கூட்டங்கள் எவ்வாறு அமைந்தன, யார் யாருக்கு எதனைப் பயிற்றினர், யாரை வெளியே நிறுத்தினர் என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்வேலி வலிகாமம் கிழக்கிலே, யாழ்ப்பாண நகரையும் பருத்தித்துறையையும் இணைக்கும் பெருவீதியில், கோப்பாய்க்கும் சிறுப்பிட்டிக்கும் இடையே அமைந்துள்ளது. செம்மண்ணும் அதன் கீழே சுண்ணாம்புக் கல்லும் கொண்ட நிலம். ஆறு இல்லை; கிணறே உயிர். வாழைத் தோட்டங்களினாற் பெயர்பெற்ற இவ்வூரிலே புகையிலை, வெங்காயம், மரக்கறி ஆகியனவும் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வந்துள்ளன. மாரிமழையை நம்பிய நெல் தை, மாசியில் அறுவடையாகிவிடும். தோட்டக்காரனுக்கோ ஓய்வு அப்பொழுதும் இல்லை. பங்குனியிற் கிணற்று நீர் தாழத் தாழ இறைப்பின் உழைப்பு மிகும். துலா மிதிப்போனும் நீர் மாறுவோனுமாகப் பலர் சேர்ந்தாலன்றி இறைப்பு நடவாத காலத்தில், பங்குக் கிணற்றின் முறை நாளே ஒரு குடும்பத்தின் நாட்காட்டியாக இருந்தது. ஆகவே பங்குனி, சித்திரைக் கூட்டங்களை ஓய்வுற்ற உழவனின் பொழுதுபோக்கு என விளக்குவது பொருந்தாது. உழைப்பு மிகுந்த காலத்திலேயே, இரவைக் களவாடி அவை நடைபெற்றன. 1950களிலும் 60களிலும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவிய பின்னரே இந்நிலை தளர்ந்தது.

கல்வியூர் என்று நீர்வேலியைச் சொல்வது மிகையன்று. யாழ்ப்பாண அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் காளிதாசரின் இரகுவம்சத்தைத் தமிழ்க் காவியமாகப் பாடியவருமான அரசகேசரியின் பெயரை இவ்வூர்ப் பிள்ளையார் கோயில் இன்றும் தாங்கி நிற்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இங்கு வாழ்ந்த சங்கர பண்டிதர் தமிழிலும் வடமொழியிலும் வல்லவர். ஆறுமுக நாவலரின் காலத்தவர். கிறித்தவ மிசனரிமாரின் பிரசாரத்துக்கு எதிராகக் கண்டன நூல்களும், சைவ சமய நூல்களும் எழுதியவர். கோப்பாய்ச் சபாபதி நாவலர், சுன்னாகம் முருகேச பண்டிதர் முதலானோர் இவரிடம் பாடங் கேட்டனர். அவர் மகன் சிவப்பிரகாச பண்டிதரும் கல்விமானே. அத்தியார் இந்துக் கல்லூரி ஊரின் நடுவிலும், கோப்பாய் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை அயலிலும், 1974 ஆம் ஆண்டிலே திருநெல்வேலியில் வளாகமாகத் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சில கல் தொலைவிலும் அமைந்தமையால், ஆசிரியரும் மாணவரும் இவ்வூர்க் கூட்டங்களிற் கலந்துகொள்வது இயல்பாயிற்று.

பாடசாலைக் கல்வி வேறு, சபைக் கல்வி வேறு. சபைக் கல்வியின் சிறந்த வடிவம் புராணபடனம். கோயில் மண்டபத்திலே ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். கந்தபுராணம் இவ்வாறு ஆண்டுதோறும் படிக்கப்பட்டதனாலேயே பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பண்பாட்டினைக் கந்தபுராண கலாசாரம் எனக் குறித்தார். புராணபடனத்தைப் பக்தி முயற்சியாக மட்டும் நோக்குவோர் அதன் மற்றொரு பக்கத்தைக் காணாது விடுகின்றனர். இளைஞன் ஒருவன் முதலிற் கேட்போனாக அமர்வான். சில ஆண்டுகளின் பின் வாசிப்பவரின் அருகே ஏட்டைப் பார்த்தவாறு இருப்பான். பின்னர் எளிய செய்யுள்கள் அவனிடம் விடப்படும். சந்தி பிரிப்பதிலோ சீர் நிறுத்துவதிலோ பிழை நேர்ந்தால், கேட்டிருக்கும் முதியவர் ஒருவர் சபையிலேயே திருத்துவார். பட்டமில்லை, தேர்வில்லை, ஆனால் ஒவ்வொரு நாளும் தேர்வே. பயிலரங்கு, பட்டறை என இன்று நாம் வழங்கும் சொற்கள் பிறப்பதற்கு முன்னரே அவற்றின் பொருள் கோயில் மண்டபத்தில் இருந்தது.

கந்தபுராண படனத்துக்குரிய காலம் கோயிலுக்குக் கோயில் வேறுபடும். சித்திரைக்கே உரியது சித்திரபுத்திரனார் கதை. யமனுடைய கணக்கரான சித்திரபுத்திரரின் கதையைச் சித்திரைப் பௌர்ணமியன்று படிப்பதும், கோயிலிலே கஞ்சி காய்ச்சி வந்தோர்க்கெல்லாம் வார்ப்பதும் யாழ்ப்பாணக் கிராம வழக்கம். தாயை இழந்தோர் அன்று விரதம் அநுட்டிப்பர். தந்தையை இழந்தோர்க்கு ஆடி அமாவாசை எவ்வாறோ, அவ்வாறே இது. ஆகவே அன்று கதை கேட்கக் கூடிய சபை ஏனைய சபைகளைப் போன்றதன்று. அங்கிருந்தோரிற் பலர் தாயை இழந்தவர். படிப்பவரின் குரல் எவ்வளவு சாதாரணமாயினும் கேட்போரின் மனத்தில் அது பதிந்தமைக்கு இதுவே காரணம் எனலாம். பங்குனித் திங்கட்கிழமைகளில் அம்மன் கோயில்களிற் பொங்குவதும், தென்மராட்சி மட்டுவிலிலுள்ள பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குக் குடும்பத்தோடு செல்வதும் இப்பருவத்தின் தொடக்கமாக அமைந்தன.

புதுவருடத்தை விரிவாகக் கூறவேண்டியதில்லை; மருத்துநீரும் கைவிசேடமும் யாவரும் அறிந்தனவே. வாக்கிய பஞ்சாங்கம், திருக்கணித பஞ்சாங்கம் என இரண்டு வழங்கும் நாட்டிலே வருடப் பிறப்பு நேரமும் இரண்டாகி, எதனைக் கொள்வது என்ற விவாதம் ஆண்டுதோறும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பட்டிமன்றமாயிற்று. விளையாட்டுகளிலே போர்த்தேங்காய் அடித்தல் தனித்துக் குறிப்பிடத்தக்கது. வலிய சிரட்டையுடைய தேங்காயைத் தேர்ந்து, ஒருவன் நிலத்தில் வைக்க மற்றவன் தன் கைத்தேங்காயால் அதனை அடிப்பான், உடைந்தவன் தோற்றான். எம்மரத்துக் காய் வலியது என்பதை அறிவதும், தட்டிப் பார்த்து ஓசையால் மதிப்பதும் தந்தையிடமிருந்து மகன் கற்ற நுட்பங்கள். மாட்டுவண்டிச் சவாரிக்கும் இவ்வாறே சோடி பழக்கும் கலை ஒன்றிருந்தது.

இவையெல்லாம் ஊருக்குப் பொதுவானவை என எழுதிச் செல்வது எளிது. உண்மை அவ்வாறன்று. கோயில் மண்டபத்துச் சபை எல்லோர்க்கும் உரிய சபையாக இருக்கவில்லை. சாதியினால் ஒடுக்கப்பட்டோர் கோயில்களின் உள்ளே செல்லத் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், புராணத்தின் பயனை வீதியில் நின்றே கேட்கவேண்டியவர் பலராயினர். கஞ்சி வார்த்தபோதும் வரிசை வேறு, பாத்திரம் வேறு. மேலே புகழ்ந்துரைத்த சபைக் கல்வி, யார் படிக்கலாம் என்பதை மட்டுமன்றி யார் கேட்கலாம் என்பதையும் வரையறுத்திருந்தது. இதனை விடுத்துக் கந்தபுராண கலாசாரத்தின் பெருமையை மட்டும் பேசுவது வரலாற்றுக்கு ஏற்புடைத்தன்று.

இவ்வரையறையை உடைக்கும் முயற்சிகளிலும் இளவேனிற் கூட்டங்களுக்குப் பங்குண்டு. 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர்பெற்ற இயக்கம் ஆசிரியரையும் மாணவரையும் அடிப்படையாகக் கொண்டது. பாடசாலை விடுமுறை அதன் கூட்டங்களுக்கு வாய்ப்பான காலமாயிற்று. 1931 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாநாட்டுக்கு இந்தியாவிலிருந்து கமலாதேவி சட்டோபாத்தியாய வந்து தலைமை வகித்தார். டொனமூர் அரசியலமைப்பின் கீழான தேர்தலைப் பகிஷ்கரிக்கும் முடிவுக்கு அம்மாநாடு வழிகோலியது. அரசியல் முடிவு சரியோ தவறோ, சமபந்தி போசனத்தையும் சம ஆசனத்தையும் இளைஞரின் கொள்கையாக்கியது அவ்வியக்கமே. சட்டம் வந்தது மிகப் பிந்தி: சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 ஆம் ஆண்டுக்குரியது. அதன் பின்னரும் 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஆலயப் பிரவேசப் போராட்டம் நடைபெற வேண்டியிருந்தது.

ஊர்தோறும் எழுந்த வாசிகசாலைகளும், பின்னர் அரசாங்கத்திற் பதிவுபெற்ற சனசமூக நிலையங்களும் இக்காலத்து மாற்றத்தின் மற்றொரு முகமாகும். பத்திரிகை வாசிப்பதற்கென அமைந்த சிறு கட்டடம், காலப்போக்கிலே இளைஞரின் கழகமாகவும் விளையாட்டு மன்றமாகவும் நாடக மேடையாகவும் வளர்ந்தது. சித்திரை விடுமுறையில் ஆண்டுவிழா நடத்துவது பல நிலையங்களின் வழக்கம். கிளித்தட்டு, கயிறிழுத்தல், சைக்கிளோட்டம், தலையணைச் சமர், முட்டியுடைத்தல் முதலியன பகலில். பேச்சும் பாட்டும் நாடகமும் இரவில். இந்நிலையங்களும் குறிச்சிக்கொன்றாய் அமைந்து சாதிப் பிரிவைப் பிரதிபலித்தன என்பது கசப்பான உண்மை. ஆயினும் கோயிலிற் பேசும் உரிமையற்றவன் தன் குறிச்சி வாசிகசாலை மேடையிற் பேசினான், தலைமை வகித்தான், கணக்கு வாசித்தான். 1930 இல் நீர்வேலியிற் பிறந்து, ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு இணைத்துக்கொண்ட நீர்வை பொன்னையனின் எழுத்தில் இம்மாற்றத்தின் உணர்வைக் காணலாம். 1961 இல் வெளிவந்த 'மேடும் பள்ளமும்' என்ற அவரது சிறுகதைத் தொகுதியின் பெயரே சமனற்றதொரு சமூகத்தின் படமாகும்.

இனிக் கூத்தினை நோக்குவோம். பயிற்சி என்ற அளவில் இப்பருவத்தின் மிகப் பெரிய முயற்சி இதுவே. அம்மன் கோயில்களில் நேர்த்திக்காகவும் ஆடப்பட்ட காத்தவராயன் கூத்து வலிகாமத்துக் கிராமங்களிற் பெருவழக்காக இருந்தது. அண்ணாவியார் ஊருக்கு அழைக்கப்படுவார். உடற்கட்டும் குரலும் பார்த்துப் பாத்திரங்கள் பங்கிடப்படும். எழுத்தறியாதோன் வாய்மொழியாகவே தன் பாட்டுக்களைப் பாடம் பண்ணுவான். பல வாரங்கள், சிலவிடங்களிற் பல மாதங்கள், தோட்ட வேலை முடிந்த இரவுகளிற் பழக்கம் நடக்கும். ஒப்பனையும் உடுப்பும் இன்றி ஒத்திகை பார்ப்பதை வெள்ளுடுப்பு என்பர். அதன் பின்னரே அரங்கேற்றம். பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கும் அவ்வாட்டத்தைப் பார்க்க அயலூர்களிலிருந்தும் பாயோடு வருவர். அண்ணாவியார் கற்பித்தது பாட்டும் ஆட்டமும் மட்டுமன்று. குறித்த நேரத்துக்கு வருதல், பிறன் பாடும்போது பின்பாட்டு எடுத்தல், சபைக்கு அஞ்சாமை ஆகியனவும் அங்குக் கற்கப்பட்டன. பாடசாலை கைவிட்டவர்க்கு அதுவே பாடசாலை. இதற்குச் சமாந்தரமாக நகரக் கொட்டகைகளின் வழிவந்த இசை நாடகமும் கிராமங்களிற் பரவியது. நடிகமணி வி. வி. வைரமுத்துவின் வசந்த கான சபா 'மயான காண்டம்' நாடகத்தைக் குடாநாடெங்கும் மேடையேற்றியது. வசந்தம் என்ற சொல் கிராமத்தவரின் நாவில் அதிகம் புழங்கியது அச்சபையின் பெயரினால் என்றாலும் தவறாகாது.

படித்தவர் கூத்தை இழிவாகக் கருதிய நிலை மாறியது பல்கலைக்கழகத்தின் தலையீட்டினாலாகும். 1956 இல் பேராசிரியர் சரச்சந்திர சிங்கள நாடக மரபின் வழி 'மனமே'யை மேடையேற்றிய வெற்றி தமிழரையும் தம் மரபை நோக்கத் தூண்டியது. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலிவதை' ஆகியவற்றை 1962 முதல் 1967 வரையான காலத்தில் மாணவரைக் கொண்டு தயாரித்தார். கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவின் வழியாக அண்ணாவிமாரை ஒன்றுகூட்டியும், போட்டிகளை நடத்தியும் அவர் செய்த பணி பெரிது. எனினும் ஒன்றைக் கூறாமலிருத்தல் இயலாது. விடிய விடிய ஆடிய கூத்து ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருங்கியபோது மேடை அழகு பெற்றது. பல வாரப் பழக்கத்தின் தேவை குறைந்தது. கூத்தின் மறுவாழ்வுக்கு ஊர் கொடுத்த விலை அது. வேறொரு வழியில், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியிலே அம்பலத்தாடிகள் குழுவினரால் ஆடப்பட்டபோது, ஆலயப் பிரவேசமே கூத்தின் பொருளாயிற்று. கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் கதை, கோயில் வீதியிற் பிறந்த மெட்டிலேயே பாடப்பட்டமை மனங்கொள்ளத்தக்கது.

1978 இல் யாழ்ப்பாணத்திலே குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, களப்பயிற்சி என்பதனை ஒரு முறையாக அறிமுகப்படுத்தியது. உடலையும் குரலையும் பழக்கும் பயிற்சிகள், அரங்க விளையாட்டுகள், குழுவாகக் காட்சி அமைத்தல் என்பன பாடசாலை ஆசிரியர் வழியாகக் கிராமங்களை அடைந்தன. அவர் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985 இல் க. சிதம்பரநாதனின் நெறியாள்கையிற் பல்கலைக்கழகத்தாரால் அரங்கேறி, குடாநாட்டின் ஊர்களெங்கும் சென்றது. அண்ணாவியாரைத் தேடி இளைஞர் கூடிய முற்றங்களிலே இப்பொழுது பல்கலைக்கழக மாணவர் வந்து ஆடினர். திசை மாறியது, முற்றம் மாறவில்லை.

போர்க்காலத்து அரசியல் வரலாற்றை எழுதுவோர் நீர்வேலியைப் பெரும்பாலும் ஒரு நாளுக்காகவே குறிப்பிடுவர். 1981 மார்ச் 25 இல் மக்கள் வங்கியின் பணத்தை ஏற்றிவந்த வாகனம் இங்கு மறிக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டது. பொலிசார் இருவர் கொல்லப்பட்டனர். அதுவும் ஒரு பங்குனி. அதன் பின்னர் இரவுக் கூட்டம் என்பதே அச்சத்துக்குரியதாயிற்று. ஊரடங்கு நிலவும் நாட்டில் விடிய விடியக் கூத்தாடுவது யாங்ஙனம்? 1990 ஆம் ஆண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போனது. மண்ணெண்ணெய் பெறுதற்கரிய பொருளாயிற்று. ஜாம் போத்தலிற் சிறிது எண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரியிட்ட விளக்கிலே மாணவர் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பெற்றோமாக்ஸ் ஏற்றி ஊரைக் கூட்டும் வசதி எவரிடமும் இருக்கவில்லை. இருந்தும் கோயிற் படிப்பு நிற்கவில்லை. அதற்கு வேண்டியது ஒரு குத்துவிளக்கும் ஒரு புத்தகமும் இரண்டு குரல்களும் மட்டுமே. செலவு மிகுந்த கலைகள் ஓய்ந்த இடத்தில் எளிய கலை தாக்குப்பிடித்தது.

1995 ஒக்டோபரிலே பலாலியிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்பட்ட இராணுவ நடவடிக்கை புத்தூர், நீர்வேலிப் பக்கமாக முன்னேறியது. அம்மாதம் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இலட்சக்கணக்கானோர் ஓரிரவில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கும் அதற்கப்பாலும் சென்றனர். எடுத்துச் செல்ல முடிந்தவை சில. கூத்தேடுகளும் வாசிகசாலை நூல்களும் அவற்றுள் இடம்பெறுதல் அரிது. மக்கள் பெருமளவில் வலிகாமத்துக்குத் திரும்பத் தொடங்கியது 1996 ஏப்பிரலில். சித்திரையாயினும் அவ்வாண்டில் யாரும் போர்த்தேங்காய் அடிக்கும் நிலையில் இருந்திருக்க மாட்டார்கள். கூரை வேய்தல், கிணறு இறைத்துத் துப்புரவாக்குதல், கோயில் விளக்கை மீண்டும் ஏற்றுதல் என்பனவே அப்பருவத்தின் பொது வேலைகளாக இருந்தன. 2002 பெப்புருவரியில் போர்நிறுத்தம் வந்தது; ஏப்பிரலிற் கண்டி வீதி திறந்தது; வெளிநாடுகளிற் குடியேறிய ஊரவர் சித்திரை, ஆடி விடுமுறைகளில் வரத் தொடங்கினர். அவர்களின் பணத்தினாற் கோயில்கள் புதுப்பொலிவு பெற்றன. 2006 இல் வீதி மூடப்பட்டது. 2009 இல் போர் முடிந்தது. 2020 மார்ச்சிலே நோய்த்தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட, பங்குனித் திங்களும் புதுவருடமும் சனங்களின்றிக் கழிந்தன. நீர்வை பொன்னையன் மறைந்ததும் அம்மாதத்திலேயே.

இன்று பங்குனி பிறந்ததும் குடாநாட்டுச் சனசமூக நிலையங்களின் முன்னே விழா அறிவித்தல்கள் தோன்றுகின்றன. போட்டிகளின் பெயர்கள் பெரும்பாலும் பழையனவே. பெண்கள் மேடையிலும் நிருவாகத்திலும் முன்னையிலும் அதிகமாக இடம்பெறுகின்றனர். கூத்துக்கும் பண்ணிசைக்கும் பயிலரங்குகள் நடக்கின்றன. பங்குபற்றுவோர்க்குச் சான்றிதழ் உண்டு. அவை பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிவன. அண்ணாவியார் ஒருவர் இரண்டு நாளிற் கற்பிக்கக்கூடியது வரவுப்பாட்டும் அதற்குரிய சில ஆட்ட முறைகளுமே. எஞ்சியதைக் கற்பிக்க அவருக்கு ஒரு மாரியும் ஒரு கோடையும் வேண்டும். கற்க வருவோனுக்கு உயர்தரப் பரீட்சையும், தனியார் வகுப்பும், வெளிநாட்டு விசாவும் இருக்கின்றன. கோயிற் படிப்பிலும் பயன் சொல்பவர் கிடைக்கின்றார். வாசிப்பவரின் அருகே ஏட்டைப் பார்த்தவாறு அமரும் அந்த இளைஞனின் இடமே பல கோயில்களில் வெறிதாயிருக்கின்றது.